சீனக் கட்சியின் அரசியல் சீர்திருத்தம் எங்கே போய் முட்டியது?

கேள்வி இதுதான்: “சீனக் கம்யூனிஸ்ட் கட்சி பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அரசியலையும் மாற்ற அது எப்போதாவது மனதார முயன்றதா, இல்லை எல்லாமே கண்துடைப்பா? முயன்றது என்றால் ஏன் நின்றுபோனது? இனி வருமா?”

முயன்றது. வெளியே இருக்கிற நாம் நினைப்பதைவிடத் தீவிரமாகவே முயன்றது. 1980 முதல் 1989 வரை கட்சியின் உச்சியில் இருந்தவர்களே இந்த வேலையில் இறங்கினார்கள். தலைவர்கள் சாகும்வரை பதவியில் இருப்பதைத் தடுப்பது எப்படி, கட்சிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே கோடு போடுவது எப்படி என்றெல்லாம் பேசினார்கள், எழுதினார்கள், சிலவற்றைச் சட்டமாகவும் ஆக்கினார்கள். ஆனால் அந்த முயற்சிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் போய் முட்டின. யாரை எந்தப் பதவியில் வைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை கட்சியின் கையைவிட்டுப் போகிற நிலை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். 1989 ஜூனில் மாணவர் போராட்டத்தை ஒடுக்க பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்துக்கு டாங்கிகள் வந்ததால்தான் சீர்திருத்தம் செத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. தியானன்மென்னுக்கு முன்பும் பின்பும் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், தடை அதைவிட ஆழத்தில் இருப்பது தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் கேரளத்தையும் மேற்கு வங்கத்தையும் பார்த்துப் பழகியவர்கள். அங்கே கம்யூனிஸ்ட் கட்சி தேர்தலில் ஜெயித்தால் ஆளும், தோற்றால் எதிர்வரிசைக்குப் போகும். 1957இல் இ.எம்.எஸ். முதலமைச்சரானபோதும் அவருக்குக் கீழே வேலை பார்த்த கலெக்டர்களோ, உயர் நீதிமன்ற நீதிபதிகளோ கட்சி தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லை. கம்யூனிஸ்ட் ‘ஆட்சிமுறை’ என்பது வேறு. சீனாவில் கட்சிக்கு அமைப்புத் துறை என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர்கள், மாகாண ஆளுநர்கள், நீதிமன்றத் தலைவர்கள், அரசு வங்கித் தலைவர்கள், பெரிய பல்கலைக்கழகங்களின் தலைவர்கள், முக்கியச் செய்தித்தாள்களின் ஆசிரியர்கள் என்று எந்தெந்தப் பதவிக்குக் கட்சியின் எந்த மட்டம் ஆள் போடவேண்டும் என்பதற்கு அதனிடம் பட்டியல் உண்டு. சோவியத் யூனியனிலிருந்து வந்த ஏற்பாடு இது; அங்கே இதற்கு நோமென்க்ளாத்துரா என்று பெயர். இதுபோக, ஒவ்வொரு அமைச்சகத்துக்குள்ளும் ஒரு கட்சிக் குழு இருக்கும். பெரும்பாலும் அமைச்சரே அதன் செயலாளராகவும் இருப்பார். அமைச்சகத்தின் முக்கிய முடிவுகள் அந்தக் குழுவில்தான் எடுக்கப்படும். தேர்தல் நடக்கலாம், நாடாளுமன்றம் கூடலாம், நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லலாம். அங்கெல்லாம் உட்காருகிறவர்களை உட்கார வைத்தது யார் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்.

இந்த அமைப்புக்குள் வளர்ந்தவர்களே இதை மாற்ற நினைத்ததற்குக் காரணம் கலாச்சாரப் புரட்சி. 1966 முதல் பத்தாண்டு மாவோ என்ற ஒரு தனிமனிதரின் விருப்பம் நாட்டையே புரட்டிப்போட்டது. பின்னாளில் நாட்டின் உச்சத் தலைவரான டெங் சியாவோபிங் இரண்டு முறை பதவியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். அவருடைய மூத்த மகன், மாவோவின் இளம் ஆதரவாளர்களான சிவப்புக் காவலர்களின் பிடியில் இருந்தபோது மாடியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பெய்ஜிங் மேயராக இருந்த பெங் ஜென் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார். குவாங்தோங் மாகாணத்தின் கட்சித் தலைவராக இருந்த ஜாவோ ஜியாங் தெருவில் இழுத்துச்செல்லப்பட்டு அவமானப்படுத்தப்பட்டார். இவர்கள் திரும்பி வந்தபோது, “இது இன்னொரு தடவை நடக்கக்கூடாது” என்பதில் ஒருமனதாக இருந்தார்கள். எப்படித் தடுப்பது என்பதில்தான் பிரிந்தார்கள்.

1980 ஆகஸ்ட் 18 அன்று கட்சியின் அரசியல் தலைமைக்குழுவின் (பொலிட்பீரோ) விரிவாக்கக் கூட்டத்தில் டெங் பேசிய பேச்சை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கும். அதிகாரம் ஓரிடத்தில் குவிவது, அதிகார வர்க்க மனப்பான்மை, குடும்பத் தலைவர் போல ஆள்வது, ஆயுட்காலப் பதவி, சலுகைகள் என்று கட்சியின் நோய்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அமைப்பு நன்றாக இருந்தால் கெட்டவர்களைக் கட்டிப்போடும், அமைப்பு மோசமாக இருந்தால் நல்லவர்களையும் நல்லது செய்யவிடாது என்றார். ஸ்டாலின் செய்த சட்ட மீறல்கள் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா போன்ற நாடுகளில் நடந்திருக்க முடியாது என்று மாவோ சொன்னதையும், அது தெரிந்திருந்தும் மாவோ அமைப்பைச் சரிசெய்யாததால்தான் கலாச்சாரப் புரட்சி வந்தது என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். ஆளும் கட்சியின் தலைவர் வாயிலிருந்து வரக்கூடிய சாதாரணச் சொற்கள் இல்லை இவை.

ஆனால் இந்தப் பேச்சுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே வேலி போடப்பட்டிருந்தது. 1978 கடைசியில் பெய்ஜிங்கின் ஷிதான் பகுதியில் ஒரு நீண்ட சுவரில் மக்கள் தங்கள் மனக்குறைகளையும் கருத்துகளையும் எழுதி ஒட்ட ஆரம்பித்தார்கள். வெய் ஜிங்ஷெங் என்ற இளம் எலக்ட்ரீஷியன், அரசு சொல்லும் நான்கு நவீனமயங்களோடு (விவசாயம், தொழில், பாதுகாப்பு, அறிவியல்-தொழில்நுட்பம்) ஐந்தாவதாக ஜனநாயகமும் வேண்டும் என்று அங்கே எழுதினார். 1979 மார்ச் 29 அன்று அவரைக் கைது செய்தார்கள். பிறகு 15 ஆண்டுச் சிறை. கைதுக்கு மறுநாள் டெங் நான்கு அடிப்படைக் கோட்பாடுகளை அறிவித்தார்: சோசலிசப் பாதை, பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம், கட்சியின் தலைமை, மார்க்சிய-லெனினிய-மாவோ சிந்தனை. இவற்றை யாரும் கேள்வி கேட்கக்கூடாது. நடைமுறையில் மூன்றாவதுதான் எல்லாமே. டெங்கின் 1980 பேச்சை இந்த வேலிக்குள் வைத்துத்தான் படிக்கவேண்டும். கட்சி தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. கட்சியை இன்னொருவர் ஒழுங்குபடுத்துவது அவர் கணக்கிலேயே கிடையாது.

அதே 1980 ஆகஸ்டில் போலந்தில் கப்பல்கட்டும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, சுதந்திரத் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை அரசிடமிருந்து வாங்கினார்கள். பெய்ஜிங்கில் இது ஏற்படுத்திய கிலி கொஞ்சநஞ்சமல்ல. அந்த அக்டோபரில் லியாவோ கைலோங் என்ற கட்சி ஆய்வாளர் ஒரு பெரிய திட்டத்தை முன்வைத்திருந்தார். நாடாளுமன்றத்தை இரண்டு அவைகளாக்கி நிஜ அதிகாரம் கொடுப்பது, தொழிற்சங்கங்களைத் தொழிலாளர்களுக்காகவே பேசும் அமைப்புகளாக்குவது எல்லாம் அதில் இருந்தன. சில மாதங்களில் அந்தத் திட்டத்தைப் பற்றிய பேச்சே இல்லாமல் போனது. 1982 அரசியல் சட்டத்தில், முந்தைய சட்டத்தில் இருந்த வேலைநிறுத்த உரிமையும் எடுக்கப்பட்டது.

சரி, என்னதான் கிடைத்தது? கிடைத்தவை சிறியவை இல்லை. 1979 தேர்தல் சட்டப்படி, கவுண்டி (நம்மூர் வட்டம் போன்ற பிரிவு) மட்டம்வரை மக்கள் காங்கிரஸ்களுக்கு, அதாவது மக்கள் பிரதிநிதிகள் சபைகளுக்கு, நேரடித் தேர்தல் வந்தது. இடங்களைவிட வேட்பாளர்கள் அதிகமாக இருக்கவேண்டும் என்ற விதியும் வந்தது. 1980இல் பீக்கிங் பல்கலைக்கழக மாணவர்கள் மேடை போட்டுப் பிரசாரம் செய்து, ஹூ பிங் என்ற தத்துவத் துறை மாணவரை ஹைதியான் மாவட்ட மக்கள் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1982இல் மூத்த அதிகாரிகளுக்கு ஓய்வு வயது வந்தது: அமைச்சர்களுக்கு 65, துணை அமைச்சர்களுக்கு 60. லட்சக்கணக்கான கிழட்டு அதிகாரிகள் வீட்டுக்குப் போய், படித்த இளையவர்கள் உள்ளே வந்தது இதனால்தான். அரசியல் சீர்திருத்தம் என்று வந்தவற்றில் மிகவும் வெற்றிபெற்றது இதுதான் என்பது என் கருத்து. ஆனால் உச்சியில் இருந்த சில பேருக்கு விதிவிலக்கு கொடுத்திருந்தார்கள். அந்தச் சில பேர்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தார்கள்.

அதே ஆண்டு வந்த புதிய அரசியல் சட்டம் குடியரசுத் தலைவர், பிரதமர், நாடாளுமன்றத் தலைவர் ஆகியோருக்குத் தொடர்ந்து இரண்டு பதவிக்காலம் என்று வரம்பு வைத்தது. கட்சிப் பொதுச்செயலாளருக்கு வைக்கவில்லை. ராணுவ ஆணையத் தலைவருக்கும் வைக்கவில்லை. நாட்டில் உண்மையான அதிகாரம் இருப்பது இந்த இரண்டு நாற்காலிகளில்தான். அலங்காரப் பதவிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அசல் பதவிகளைத் திறந்தே வைத்தார்கள். 1980களில் இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

1986இல் டெங் மறுபடியும் அரசியல் சீர்திருத்தம் பற்றிப் பேச ஆரம்பித்தார். காரணம் பொருளாதாரம். தொழிற்சாலை மேலாளர்களுக்கு அதிகாரம் கொடுத்தால் கட்சிச் செயலாளர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்புறம் இரட்டை விலை முறை. ஒரே இரும்புக்குத் திட்ட விலை ஒன்று, சந்தை விலை இன்னொன்று. திட்ட விலையில் ஒதுக்கீடு வாங்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அதைச் சந்தையில் விற்றுக் கொழுத்தார்கள். அதிகாரிகளைக் கீழிருந்து யாரும் தட்டிக் கேட்க முடியாத நாட்டில் சந்தையைப் பாதி திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம். 1988இல் சில்லறை விலைகள் 18.5 சதவீதம் ஏறியபோது மக்களின் கோபம் எல்லை மீறியது. 1989இல் சதுக்கத்துக்கு வந்த மாணவர்களின் முழக்கங்களில் ‘ஜனநாயகம்’ எவ்வளவு இருந்ததோ, அதே அளவுக்கு ‘அதிகாரிகளின் கொள்ளை வியாபாரம்’ என்ற புகாரும் இருந்தது.

1986 செப்டம்பரில் ஜாவோ ஜியாங் தலைமையில் அரசியல் அமைப்புச் சீர்திருத்தத்துக்கான ஆய்வுக்குழு ஒன்று அமைந்தது. அதன் அலுவலகத்தை நடத்தியவர் ஜாவோவின் செயலாளர் பாவோ தோங். இந்தக் குழு எழுதியதுதான் 1987 அக்டோபர் கடைசியில் நடந்த 13வது கட்சி மாநாட்டின் அறிக்கையில் அரசியல் பகுதியாக வந்தது. கட்சியும் அரசாங்கமும் பிரியவேண்டும் என்று அது வெளிப்படையாகச் சொன்னது. அமைச்சகங்களுக்குள் இருக்கும் கட்சிக் குழுக்களைப் படிப்படியாகக் கலைக்கவேண்டும் என்றது. அரசாங்கத் துறைக்கு இணையாகக் கட்சி வைத்திருக்கும் துறைகளை மூடவேண்டும் என்றது. ஒரு பெரிய முடிவு எடுக்குமுன் சம்பந்தப்பட்ட மக்கள் பிரிவினரோடு அரசு பேசவேண்டும் என்றது.

அந்த அறிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அரசு ஊழியர்களை இரண்டாகப் பிரித்த பகுதி. ஒரு பிரிவு அரசியல் பதவிகள். காலவரம்போடு வரும், கட்சி பெயர் சொல்லும். இன்னொரு பிரிவு தொழில்முறை அலுவலர்கள். போட்டித் தேர்வு எழுதி வருவார்கள், நிரந்தரமாக இருப்பார்கள், சட்டம் அவர்களை நிர்வகிக்கும். இந்தியாவில் நமக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. யூ.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். சீனாவில் இது நடந்திருந்தால், லட்சக்கணக்கான பதவிகள் அமைப்புத் துறையின் பட்டியலிலிருந்து வெளியே போயிருக்கும். ஒரு மாவட்ட அதிகாரி தன் அடுத்த பதவி உயர்வுக்குக் கட்சிச் செயலாளரின் முகத்தைப் பார்க்கவேண்டிய தேவை குறைந்திருக்கும். புரட்சி என்று யாரும் அழைக்காத, அலுவலக விதி போலத் தோன்றும் இந்த மாற்றம்தான் அந்தப் பத்தாண்டில் கட்சியின் உயிர்நாடிக்கு மிக அருகே போனது. 1988இல் இதற்காகவே பணியாளர் அமைச்சகம் ஒன்றும் அமைக்கப்பட்டது.

அந்த மாநாட்டில் இன்னொன்றும் நடந்தது. மத்தியக் குழுவுக்கான தேர்தலில் இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேட்பாளர்களை வைத்தார்கள். சீர்திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்த சித்தாந்தத் தலைவர் டெங் லிச்சுன் அதில் தோற்றுப்போனார். அவரை அரசியல் தலைமைக்குழுவில் உட்காரவைக்க மூத்தவர்கள் தயாராக இருந்தார்கள். முதல் படியிலேயே பிரதிநிதிகள் அவரை விழவைத்துவிட்டார்கள். கட்சிக்குள்ளேயே ரகசிய வாக்கு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சீர்திருத்தக்காரர்களும் எதிராளிகளும் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஜாவோவைப் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேசவேண்டும், அவர்மேல் எனக்கு மரியாதை இருந்தும். அவர் பொதுச்செயலாளர் ஆனது எப்படி? அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தவர் ஹூ யாவோபாங். கலாச்சாரப் புரட்சியில் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட எண்ணற்ற மனிதர்களுக்கு மறுவாழ்வு கொடுத்தவர். 1986 டிசம்பரில் ஹெஃபெய், ஷாங்ஹாய் மாணவர்கள் ஊர்வலம் போனபோது அவர் மென்மையாக நடந்துகொண்டார் என்று குற்றம் சொன்னார்கள். 1987 ஜனவரியில் பல நாட்கள் ஒரு கூட்டத்தில் உட்காரவைத்து அவரைத் தாக்கினார்கள். ஜனவரி 16 அன்று அரசியல் தலைமைக்குழுவின் விரிவாக்கக் கூட்டம் அவருடைய ராஜினாமாவை ஏற்றுக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற மூத்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கட்சி விதிப்படி பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுப்பது மத்தியக் குழுவின் முழுக்கூட்டம். அது கூடவே இல்லை. அதே கூட்டம் தற்காலிகப் பொதுச்செயலாளராக ஜாவோவை நியமித்தது.

அதாவது, விதிகளின்படி ஆளவேண்டும் என்று எழுதிய மனிதரே விதியை மீறிய ஒரு கூட்டத்தின் வழியாகத்தான் அந்த நாற்காலிக்கு வந்தார். 13வது மாநாடு முடிந்த கையோடு, முக்கிய விஷயங்களில் டெங்கின் வழிகாட்டுதலைக் கேட்கவேண்டும் என்று மத்தியக் குழு ஒரு தீர்மானம் போட்டு, அதை வெளியிடாமல் வைத்தது. அப்போது டெங் அரசியல் தலைமைக்குழுவின் நிலைக்குழுவில்கூட இல்லை. கட்சியையும் அரசாங்கத்தையும் பிரிப்பது பற்றி ஊருக்கெல்லாம் அறிக்கை வெளியான அதே வாரத்தில், உச்சியில் அதிகாரம் விதிகளுக்கு வெளியே ஒரு வீட்டு வரவேற்பறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஜாவோவுக்கும் வேறு வழி இருந்திருக்காது என்பது உண்மை. டெங்கின் பாதுகாப்பு இல்லாமல் அவருடைய பொருளாதாரச் சீர்திருத்தங்கள் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. ஆனால் அவரை ஏற்றிய அந்த வழியே அவரை இறக்கவும் போதுமானதாக இருந்தது.

1989இல் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரல் 15 அன்று ஹூ யாவோபாங் இறந்தார், மாணவர்கள் அஞ்சலி செலுத்தச் சதுக்கத்துக்கு வந்தார்கள். 26ஆம் தேதி கட்சிப் பத்திரிகையின் தலையங்கம் அதைக் ‘கலவரம்’ என்றது. மே 16 அன்று ஜாவோ, பெய்ஜிங் வந்திருந்த சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் அந்த வெளியிடப்படாத தீர்மானத்தைப் பற்றிச் சொன்னார். மறுநாள் டெங்கின் வீட்டில் ராணுவச் சட்டம் முடிவானது. 20ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. ஜூன் 3 இரவும் 4 விடியலும் ராணுவம் மக்களைச் சுட்டுக்கொண்டு நகரத்துக்குள் வந்தது.

குறைவாகப் பேசப்படுகிற ஒரு பகுதியை மட்டும் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ராணுவச் சட்டத்தை அமைச்சரவை அறிவித்தது. 1982 அரசியல் சட்டப்படி, அமைச்சரவையின் முடிவை ரத்துசெய்யும் அதிகாரம் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு உண்டு. அந்த நிலைக்குழுவில் உறுப்பினராக இருந்தவர் ஹூ ஜிவெய். கட்சிப் பத்திரிகையின் முன்னாள் தலைவர். அவர் தெருவில் இறங்கவில்லை. நிலைக்குழுவின் அவசரக் கூட்டத்தைக் கூட்டச் சொல்லி உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்க ஏற்பாடு செய்தார். சட்டப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே நடத்திப் பார்க்க முனைந்தார், அவ்வளவுதான். நாடாளுமன்றத் தலைவர் வான் லீ அப்போது வட அமெரிக்கப் பயணத்தில் இருந்தார். அவர் திரும்பி வந்து கூட்டத்தைக் கூட்டுவார் என்று பெய்ஜிங் முழுக்க எதிர்பார்ப்பு. மே 25 விடியலில் அவருடைய விமானம் பெய்ஜிங்கில் இறங்கவில்லை, ஷாங்ஹாயில் இறங்கியது. இரண்டு நாள் கழித்து ராணுவச் சட்டத்தை ஆதரித்து அவர் அறிக்கை விட்டார். கூட்டம் கூடவில்லை. ஹூ ஜிவெய்யின் பதவி பிறகு பறிக்கப்பட்டது.

வான் லீ சாதாரண ஆள் இல்லை. அன்ஹுய் மாகாணத்தில் விவசாயிகளுக்கு நிலத்தைப் பிரித்துக்கொடுத்து, கூட்டு விவசாயமான கம்யூன் முறையை உடைத்த துணிச்சல்காரர். சட்டப்படி அவரிடம் அதிகாரம் இருந்தது. ஆனால் அந்த அதிகாரத்தைக் கொடுத்த நாற்காலி கட்சி கொடுத்தது. கட்சிக் கட்டுப்பாட்டை மீறி அதைப் பயன்படுத்த அவர் துணியவில்லை. அரசியல் சட்டத்தில் எழுதியிருந்த ஒரு வரி முதன்முதலாக ஒரு நிஜ நெருக்கடியில் சோதனைக்கு வந்தது, இப்படித்தான் முடிந்தது. சீனாவில் அரசியல் சீர்திருத்தத்தின் எல்லை எது என்று கேட்டால், சதுக்கத்தைக் காட்டுவதற்கு முன்பு ஷாங்ஹாயில் இறங்கிய அந்த விமானத்தைத்தான் நான் காட்டுவேன்.

ஜூன் கடைசியில் ஜாவோ எல்லாப் பதவிகளிலிருந்தும் நீக்கப்பட்டார். 2005 ஜனவரி 17 அன்று இறக்கும்வரை வீட்டுக் காவல். அவர் ரகசியமாகப் பதிவுசெய்து வைத்திருந்த ஒலிநாடாக்கள் 2009இல் வெளியே வந்தபோதுதான் அவருடைய மனமாற்றம் உலகுக்குத் தெரிந்தது. பதவியில் இருந்தபோது பல கட்சி ஆட்சியை அவர் ஏற்கவில்லை. கட்சி ஆளவேண்டும், ஆளும் விதம் மாறவேண்டும் என்பதுதான் அவர் நிலை. காவலில் இருந்த ஆண்டுகளில், நாடாளுமன்ற ஜனநாயகம்தான் இதுவரை உயிர்ப்போடு இருக்கும் முறை என்ற முடிவுக்கு வந்திருந்தார். பாவோ தோங்குக்கு ஏழு ஆண்டுச் சிறை.

அமைச்சகங்களில் கலைக்கப்பட்ட கட்சிக் குழுக்கள் திரும்பி வந்தன. 1993இல் அரசு ஊழியர் விதிமுறை வந்தபோது தேர்வு இருந்தது, ஆனால் அரசியல் பதவி, தொழில்முறைப் பதவி என்ற பிரிவு காணாமல் போயிருந்தது.

இதற்குப் பிறகும் சில விஷயங்கள் வளர்ந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். குடிமக்கள் அரசு அலுவலகத்தின்மேல் வழக்குப் போட உரிமை தரும் நிர்வாக வழக்குச் சட்டம், மாணவர்கள் சதுக்கத்துக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, 1989 ஏப்ரல் 4 அன்று நிறைவேறியது, பிறகும் ரத்தாகவில்லை. 1992இல் யாங்சே ஆற்றின் முப்பள்ளத்தாக்கு அணைக்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது 1,767 பேர் ஆதரித்தார்கள், 177 பேர் எதிர்த்தார்கள், 664 பேர் வாக்களிக்காமல் விலகினார்கள். தலைமை கொண்டுவந்த ஒரு தீர்மானத்துக்கு அங்கே இப்படி நடப்பது அபூர்வம்.

கிராமத் தேர்தல் இன்னும் சுவையான கதை. 1980இல் குவாங்ஷி பகுதியின் யிஷான் கவுண்டியில், கம்யூன் கலைந்துபோனபின் திருட்டையும் காட்டு மரம் வெட்டுவதையும் தடுக்க ஆளில்லாமல் தவித்த மக்கள், தாங்களே கூடிக் கிராமக் குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். 1987 நவம்பரில் இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தவர் பெங் ஜென். தாராளவாதிகளின் பட்டியலில் யாரும் அவரைச் சேர்க்கமாட்டார்கள். விவசாயிகள் தங்கள் ஊரை நடத்தப் பழகினால் நாளைக்கு நகரியத்தையும், அப்புறம் கவுண்டியையும் நடத்துவார்கள் என்பது அவர் நம்பிக்கை. பல லட்சம் ஊர்களில் ரகசிய வாக்கு வந்தது. ஆனால் கிராமக் குழு அரசாங்கத்தின் ஒரு மட்டமே கிடையாது; அது தன்னாட்சி அமைப்பு. அதனால்தான் அங்கே தேர்தலை அனுமதிக்க முடிந்தது. அடுத்த படியான நகரியம்தான் அரசாங்கத்தின் கடைசி மட்டம். 1998 டிசம்பர் 31 அன்று சிச்சுவான் மாகாணத்தின் புயுன் நகரியத்தில் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெயித்தவர் கட்சி நிறுத்திய வேட்பாளர்தான். அப்படியும் மூன்று வாரத்துக்குள் அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று பத்திரிகையில் எழுதினார்கள். 2001இல் மத்திய உத்தரவு இத்தகைய தேர்தல்களுக்குத் தடைபோட்டது. பெங் ஜென் கனவு கண்ட ஏணியில் இரண்டாம் படி வரவே இல்லை.

இதைவிடத் தெளிவான ஒன்று 1993 ஜனவரியில் நடந்தது. ஜெஜியாங், குய்ஜோ ஆகிய இரண்டு மாகாணங்களின் மக்கள் காங்கிரஸ்களில், கட்சி நிறுத்திய ஆளுநர் வேட்பாளர்கள் தோற்றார்கள். (அங்கே ஆளுநர் என்பது நம்மூர் முதலமைச்சர் போன்ற நிர்வாகப் பதவி.) உறுப்பினர்கள் தாங்களாக முன்மொழிந்தவர்கள் ஜெயித்தார்கள். ஜெயித்தவர்களும் கட்சிக்காரர்கள்தான். ஆட்சிக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு, பல மாகாணங்களில் கட்சிச் செயலாளரே மக்கள் காங்கிரஸின் தலைவராகவும் உட்காரும் வழக்கம் பரவியது. எதிர்க்கட்சி என்ற பேச்சே இல்லாத இடத்தில், தன் ஆட்களிலேயே யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற உரிமையைக்கூடக் கட்சி விட்டுக்கொடுக்கவில்லை.

இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்கலாம். அவர்கள் பயத்துக்குக் கண்முன்னே ஆதாரம் இருந்தது. 1989 மார்ச்சில் சோவியத் யூனியனில் மக்கள் பிரதிநிதிகள் காங்கிரஸுக்குத் தேர்தல் நடந்தது. 2,250 இடங்களில் 750 இடங்களைக் கட்சிக்கும் மற்ற அமைப்புகளுக்கும் ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் கோர்பச்சேவ் அதை நடத்தினார். அப்படியும் லெனின்கிராட் கட்சித் தலைவர் சொலோவ்யோவ், எதிர்த்து நிற்க யாருமே இல்லாத தொகுதியில் தோற்றார். வாக்காளர்கள் அவருடைய பெயரை அடித்துவிட்டார்கள், பாதி வாக்கு வரவில்லை. ஓராண்டில் அரசியல் சட்டத்திலிருந்து கட்சியின் தலைமைப் பாத்திரம் நீக்கப்பட்டது. 1991 கடைசியில் நாடே இல்லை. நியமன உரிமையைத் தளர்த்தினால் இழை இழையாக எல்லாமே பிரிந்துவிடும் என்ற பாடத்தைப் பெய்ஜிங் அதிலிருந்து எடுத்துக்கொண்டது. நான் அந்தப் பாடத்தை முழுதாக ஏற்கவில்லை. சோவியத் சரிவில் காலிக் கடைகளுக்கும், தேசிய இனப் பிரச்சினைக்கும், எண்ணெய் விலைக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரு கட்சியின் கணக்காகப் பார்த்தால் அது பைத்தியக்காரத்தனமான கணக்கு இல்லை. அந்தக் கணக்கின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு மனிதர்கள் என்பதுதான் என் வருத்தம். நகரியத் தலைவர் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டால் விவசாயி பெய்ஜிங்குக்கு ரயிலேறி மனு கொடுக்க வருகிறார். அவரை ஊருக்கே திருப்பி அனுப்புகிறார்கள், அதே தலைவரிடம்.

இனி வருமா என்பதற்கு வருகிறேன். 2007இல் மத்தியக் குழு உறுப்பினர்கள் உட்படச் சில நூறு பேரைக் கூட்டி, அரசியல் தலைமைக்குழுவுக்கு யார் தகுதி என்று முன்னோட்ட வாக்கு எடுத்தார்கள், 2012இலும் எடுத்தார்கள். உட்கட்சி ஜனநாயகம் இப்படித்தான் துளிர்க்கும் என்று அப்போது பலர் நம்பினார்கள். 2017இல் அதைக் கைவிட்டு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி ஆள் தேர்ந்தெடுக்கும் முறைக்குப் போனார்கள். வாக்குகளை விலைக்கு வாங்கினார்கள், சொந்த பந்தம் பார்த்தார்கள் என்று அதிகாரபூர்வச் செய்தி நிறுவனம் காரணம் சொன்னது. 2018 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவருக்கான இரண்டு பதவிக்கால வரம்பு நீக்கப்பட்டது: ஆதரவு 2,958, எதிர்ப்பு 2, விலகியவர்கள் 3. அதே திருத்தத்தில் கட்சியின் தலைமை அரசியல் சட்டத்தின் முதல் பிரிவுக்குள் ஏற்றப்பட்டது. கிராமங்களில் கட்சிச் செயலாளரே தேர்தலில் நின்று குழுத் தலைவராகவும் ஆகவேண்டும் என்பது கொள்கையானது.

அந்த மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. பதவிக்கால வரம்பு அளவுக்கு அது செய்தியாகவில்லை. அரசாங்கத்தின் கீழ் இருந்த அரசு ஊழியர் நிர்வாக அலுவலகத்தைக் கலைத்து, கட்சியின் அமைப்புத் துறையோடு சேர்த்தார்கள். 1987இல் பாவோ தோங்கின் அலுவலகம் எதைப் பிரிக்க நினைத்ததோ, அது முழுதாகத் திரும்பி ஒன்றாகிவிட்டது. 1980களில் சீர்திருத்தத்தைத் தொடங்கியவர்கள், கட்டுப்பாடற்ற அதிகாரம் தங்கள் உடம்பிலும் பிள்ளைகள்மேலும் விழுந்ததைப் பார்த்தவர்கள். பாதி தூரம் போக அந்த அனுபவம் அவர்களைத் தள்ளியது. இன்று உச்சியில் இருப்பவர்களை அதிகம் ஆட்டிப்படைப்பது சோவியத்தின் முடிவு. அந்தப் பயம் இருக்கும்வரை, நீதிமன்றங்கள் இன்னும் திறமையாகலாம், அலுவலகங்கள் இன்னும் வேகமாகலாம், ஊழல் அதிகாரிகள் இன்னும் அதிகமாகச் சிறைக்குப் போகலாம். நியமனப் பட்டியல் மட்டும் அமைப்புத் துறையிலேயே இருக்கும் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன்.